வரிசை எண் ஒன்று

பொன்விழா மலருக்கு அரைப்பக்கம் கேட்கிறார் சிஸ்டர்.
'பள்ளி தோன்றிய கதை, நம் விழுமியங்கள்,
சுருக்கமா எழுதுங்க பசவராஜ் சார்,
வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகணும்.'

விழுமியம் என்ற சொல்லை
எந்தக் கோப்பிலும் நான் பதிந்ததில்லை.
சம்பளப் பட்டியல், மாற்றுச் சான்றிதழ்,
சத்துணவு முட்டைக் கணக்கு,
கை பழகியது இவ்வளவில்தான்.

ஆகவே
இரும்பு பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தேன்.
கரையான் தின்றது போக மிஞ்சிய
முதல் சேர்க்கைப் பதிவேடு, எழுபத்தொன்று.
மதர் யூலாலியின் கையெழுத்து
ஊசியால் தைத்தது போலிருக்கிறது.

புதுச்சேரியிலிருந்து ஒரு தகரப் பெட்டி,
ஒரு பாடுபட்ட சுரூபம், சாக்பீஸ் கட்டு.
தேன்கனிக்கோட்டையில் பஸ் இறங்கி
அஞ்செட்டிப் பாதையில் நடந்தே வந்தாராம்.
'புழு எல்லாம் நோயில் செத்துப்போச்சு,
கொட்டகை சும்மாத்தான் கிடக்கு' என்று
சாவியைக் கொடுத்தவர் தொட்டைய கவுடர்.
பட்டுப்புழுக்கள் இலை கடித்த ஓசை நின்ற இடத்தில்
சிலேட்டுக் குச்சிகளின் ஓசை.
(மலருக்கு ஆகும். குறித்துக்கொண்டேன்.)

பதிவேடு இரண்டில் தொடங்குகிறது.

இரண்டு, கெம்பன். மூன்று, சாக்கம்மா.
நான்கு, சவேரியாள். ஐந்து, காசிம் பீ.
எல்லோரும் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்.
தந்தை தொழில்: கூலி. மேற்படி. மேற்படி.
நின்ற காரணம்: ஆடு மேய்க்க. ராகி அறுப்பு.
அம்மை. கல்யாணம். மேற்படி.

ஒன்றுக்கு நேரே கோடு மட்டும்.
மை அழிந்ததோ என்று
சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்.

இருபத்தாறு வருஷமாக நானும்
ஒன்றாம் வகுப்பு வருகைப்பதிவில்
முதல் வரியை விட்டுத்தான் எழுதுகிறேன்.
எனக்கு முன்னிருந்த சந்தியாகு கிளார்க்
'அதை விட்டுடு' என்றார், விட்டேன்.
தணிக்கைக்காரர் கேட்டால்
'பழைய வழக்கம் சார்', ஒரு டீ.

பின்னட்டையில்,
மண்ணெண்ணெய்க் கணக்குக்குக் கீழே இருந்தது:

'ஜூன் 7. முதலில் வந்தது ஒரு பெண் பிள்ளை.
ஆறு வயதிருக்கும். இடுப்பில் தம்பி.
தலையெல்லாம் பேன், விரலிடுக்கில் சிரங்கு.
பையனை வீட்டில் விட்டு, குளித்து, நாளை வா என்றேன்.
தலையாட்டினாள். பெயர் கேட்கவில்லை.

ஜூன் 8. வரவில்லை.
ஜூன் 9. வரவில்லை.
ஜூன் 14. மூன்று ஊர் போனேன்.
பெயர் தெரியாமல் யாரை என்று விசாரிப்பது.'

பிறகு மறுபடியும் மண்ணெண்ணெய், இரண்டு லிட்டர்.

காணாமற்போன ஆட்டின் கதையைக்
காலை ஜெபத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.
நான் லிங்கம் கட்டியவன்,
வாசலில் நின்றே கேட்பேன்.
அந்த ஆட்டுக்குப் பெயர் இருந்ததாக
யாரும் சொன்னதில்லை.

புதுக் கட்டடத்தின் கான்கிரீட்டிலும்
ஒன்றாம் வகுப்புக்கு மட்டும் தூளிக்கொக்கி ஏன் என்று
எஞ்சினியர் சிரித்தது நினைவுக்கு வருகிறது.
அக்காமார் மடியில் தம்பிகளோடு
அகரம் எழுதியதைப் பார்த்திருக்கிறேன்.
குழாயடி மாடத்தில் சீப்பும் வேப்பெண்ணெயும்
தீரத் தீர வாங்கி வைத்தவன் நான்தான்,
சில்லறைச் செலவு என்ற தலைப்பில்.

நேற்று சாயங்காலம்
கிரானைட் குவாரிப் பக்கமிருந்து ஒரு அம்மா.
வடக்கத்திப் பேச்சு.
கூடவே ஒரு சிறுமி.
ஆதார் இல்லை, டி.சி. இல்லை.
பூட்டும் நேரம். 'நாளைக்கு வாங்க' என்றேன்,
கையாலும் காட்டினேன்.
அவர்களும் தலையாட்டினார்கள்.

மணி இப்போது பதினொன்று நாற்பது.
அரைப்பக்கம் வெள்ளையாகவே கிடக்கிறது.
டி.வி.எஸ்ஸை மூன்று தரம் உதைத்துக் கிளப்புகிறேன்.
'வரலாறு முடிஞ்சுதா சார்?'
மாடியிலிருந்து சிஸ்டர்.

குவாரி ரோடு முழுக்க வெள்ளைத் தூசி,
தார்ப்பாய்க் குடிசைகள் எல்லாம் ஒரே மாதிரி.
பச்சை ரிப்பன். இடது காலில் மட்டும் செருப்பு.
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

பெயர் கேட்கவில்லை.